மணலில் தேய்ந்த பல்

வண்டியின் முன் அச்சிலிருந்து கழற்றிய டிஃபரன்ஷியல் பல்சக்கரத் தொகுதியைப் பழைய டயரின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பொனோலோ அதன் பற்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

கத்தி மாதிரி தேய்ந்திருந்தன.

பாதி ஆயுளை அரசாங்க வண்டிப் பணிமனையில் ஸ்பேனரோடு கழித்தவள் அவள். வண்டி எதுவும் அவளிடம் பொய் சொன்னதில்லை. மனிதர்கள்தான் சொல்வார்கள்.

"என்ன, ரொம்ப மோசமா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து கேட்டான் மொலெஃபி. அவள் புருஷன். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இத நீங்க எங்கதான் ஓட்டுறீங்க?"

"வேற எங்க? காங்குக்குப் போறேன், கடைக்குச் சாமான் ஏத்துறேன், வர்றேன்."

அவர்கள் ஊரான ஹுகுன்ட்சியிலிருந்து காங் வரைக்கும் நல்ல தார் ரோடு. தார் ரோட்டில் பின் சக்கரங்கள் தள்ளினாலே வண்டி ஓடும். முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைப்பது மணலில்தான். தாரை விட்டு இறங்காத வண்டியில் முன் பல் இப்படித் தேய வழியே இல்லை.

ஊருக்கு மேற்கே, உப்பெடுக்கும் கிராமத்துக்குப் போகும் பாதை முழுக்க மணல். அங்கே அவர்களுக்கு மாடும் இல்லை, உறவும் இல்லை.

மாடும் உறவும் இல்லாத ஊருக்கு ஒரு ஆண்பிள்ளை ஓயாமல் போய் வருகிறான் என்றால், காரணத்தை ஹுகுன்ட்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்ன வீடு.

வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் வண்டியைக் கழுவிக்கொண்டு வருவான். எவ்வளவு சுத்தக்காரர் என் வீட்டுக்காரர் என்று அவள் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுதான் மிச்சம்.

 இந்த வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு, இன்னொருத்தியைப் பார்க்கப் போவதற்கு வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மாற்று டிஃபரன்ஷியல் அவள் தம்பியின் ஓடாத வண்டியிலிருந்து கழற்றியது. பின்னால் இருப்பதோடு பல் கணக்கு ஒத்துப்போகிறதா என்று நேற்றே பார்த்துவிட்டாள். முன்னும் பின்னும் வேறு வேறு கணக்கில் சுற்றினால் மணலில் வண்டி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும்.

மொலெஃபி மல்லாந்து படுத்து அதை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தான். அவள் போல்ட் ஓட்டைகளை ஒத்துப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜாக்கியின் கைப்பிடி அவள் பக்கத்திலேயே இருந்தது. அச்சுக்கு அடியில் தடித்த கட்டைகளும் கொடுத்திருந்தாள். கோபம் வேறு, வேலை வேறு.

"சீக்கிரம் திரோம்மா, நெஞ்சு நசுங்குது."

"நசுங்கட்டும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

திரோம்மா. அங்கே தாய் தகப்பனை மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் திரோ மூத்தவன் இல்லை. மூத்தவள் வாமே. 'என்னுடையவள்' என்று அர்த்தம். ஆசையாக அந்தப் பெயரை வைத்தவன் மொலெஃபி. மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவனோடு போனபோது, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, எனக்கு மூத்த பிள்ளை திரோதான் என்று அறிவித்தவனும் அவனே.

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. மகள் தலைநகர் கபரோனில் இருப்பதாக யாரோ சொல்லிக் கேட்டதோடு சரி. பொனோலோ அழ வேண்டியதையெல்லாம் கோழிக்கூண்டுப் பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள்.

போல்ட்டுகளை முடுக்கி, அச்சுகளைச் சொருகி, சக்கரங்களை மாட்டி முடித்தார்கள். புது எண்ணெய் ஊற்றுவதுதான் பாக்கி.

வழக்கமாக எண்ணெய் ஊற்றும் மேல் மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் அடியில் பழைய எண்ணெயை வடிப்பாள். காலையில் இருந்த அவசரத்தில் அதை விட்டுவிட்டாள்.

இப்போது, வண்டியின் அச்சுக்கூட்டிலேயே இருந்த அந்தப் பழைய மூடியில் ஸ்பேனரை வைத்தாள். சுலபமாகக் கழன்று வந்தது. சுற்றிலும் எண்ணெய் கசிந்து மணல் அப்பியிருந்தது.

துணியால் துடைத்தாள். மரையில் நீலத் தையல் நூல் சுற்றியிருந்தது.

மரை தேய்ந்த மூடிக்குச் சோப்புத் தேய்த்த நூலைச் சுற்றுவது அவளே கண்டுபிடித்த வழி. பணிமனையில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டிக்கடியில் வந்து கூடவே படுத்துக்கொள்கிற ஒருத்திக்கு மட்டும்தான் அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

இந்த மூடியில் பொனோலோ நூல் சுற்றியதே இல்லை.

அதுவும் தலைகீழாகச் சுற்றியிருந்தது. முடுக்கும் பக்கமாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியை முடுக்க முடுக்க நூல் பிரிந்துகொண்டு வரும், எண்ணெய் கசியும், பல் காய்ந்து தேயும். எத்தனை தரம் சொல்லியும் அந்தப் பெண்ணுக்கு ஏறவில்லை. இடக்கைக்காரி. கை தன் பக்கம்தான் போகும்.

பொனோலோ மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது. அதன் பின்னாலேயே, சின்ன வீட்டை நினைத்தபோதுகூட வராத கோபம் வந்தது. அந்த உப்பு ஊரில் இருக்கிற என் பிள்ளையை இவன் மட்டும் போய்ப் பார்த்திருக்கிறான்.

மொலெஃபி வெளியே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"வாமேப்பா," என்றாள்.

"ம், எண்ணெய் ஊத்திட்டியா?" என்றான் அவன், திரும்பாமல். அந்த உப்பு ஊரில் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

பிறகுதான் அவன் கை தண்ணீருக்குள் நின்றது.

அவள் எண்ணெய் ஊறிய நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். அவ இன்னும் நூல தப்பாத்தான் சுத்துறா."

மொலெஃபி எப்போதோ சுத்தமாகிவிட்ட கையை மறுபடி கழுவத் தொடங்கினான்.