படுத்துக்கொண்ட போக்காடு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு ஆட்டின் கதை சொல்கிறேன். வருஷத்துப் பாவத்தையெல்லாம் கழிக்கும் பாவநிவிர்த்தி நாள் அது. ஜனங்கள் வேலையை விட்டு, வயிற்றைக் காயப்போட்டு ஓய்ந்திருந்தார்கள். பாளையத்தில் ஒரு திருகைச் சத்தம்கூட இல்லை. ஆசாரியர், பாவம் சுமந்து போக விரட்டிவிடும் போக்காட்டின் தலையில் கைவைத்து எல்லாருடைய பாவத்தையும் ஏற்றினார். அதை வனாந்தரத்தில் விட்டுவரும் பொறுப்பு யாகீமுக்கு. பொய்ச்சத்தியம் செய்து அண்ணனின் கிணற்றைப் பறித்தவன் அவன். இன்றோடு அந்தப் பாவமும் தொலையும் என்று வேகமாக நடந்தான். கடைசிக் கூடாரம் அண்ணன் எலிதாதுடையது. அதன் வாசலில் ஆடு படுத்துக்கொண்டது. இழுத்தான், கெஞ்சினான். வெயில் பால்போல வழிய, அது கண்மூடி அசைபோட்டது.

"மிருகத்துக்கும் இன்னைக்கு ஓய்வுதானடா, ஏன் இழுக்கிறே?" ஏழு வருஷமாகக் கேட்காத குரல் உள்ளேயிருந்து வந்தது.

"எந்திரிக்க மாட்டேங்குது அண்ணே."

"அதுக்கு என்ன பாரமோ!"

யாகீம் கயிற்றை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தான். "அதுல ஒண்ணு என்னோடது அண்ணே. அந்தக் கிணறு உன்னோடதுதான்."

ஆடு எழுந்து உடம்பை உதறி, தானாகவே வனாந்தரத்தைப் பார்த்து நடந்தது. யாகீம் எழவில்லை. கூடாரத்துணிக்குப் பின்னால் யாரோ எழுந்துவரும் சத்தம் கேட்டது.

உங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோன உறவு இருந்தால், அந்தக் குரல் சீக்கிரம் உங்கள் காதில் விழட்டும், கண்ணுகளா.