பக்கம் 211 முதல் 218 வரை

"எட்டுப் பக்கத்தைக் காணோம்! இது லைப்ரரியா, இல்ல பழைய பேப்பர் கடையா?"

வரலாற்றுப் பேராசிரியை போட்ட சத்தத்தில் நூலகமே நிமிர்ந்து பார்த்தது.

அவர் கையில் இருந்தது புத்தம்புதுத் தொகுப்பு நூல். இந்தப் பெருநகரத்தில் இடித்தது, புதைத்தது, மூடி மறைத்தது என்று முப்பது கட்டுரைகள். ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசப்போவது அவர்தான். பதிமூன்று கட்டுரைகளை ரசித்துப் படித்துவிட்டு அடுத்ததைப் புரட்டினால், 210-க்குப் பிறகு 219.

செய்தித்தாள் மேசையிலிருந்து அவருடைய அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். தினமும் காலையில் வந்து எல்லாப் பேப்பரையும் வரி விடாமல் படிக்கிறவர். இன்று மகளுக்கு லீவு என்று கூட்டி வந்திருந்தார்.

"ஏன்டி இப்படிக் கத்துற? நாலு பேர் படிக்கிற இடம்."

"நீ சும்மா இரும்மா. கத்தாம கொஞ்சச் சொல்றியா?"

நூலகர் மெதுவாக எழுந்து வந்தார்.

"எந்தப் பக்கம் மேடம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வாசகர் யாராவது எடுத்திருந்தா பிய்ச்சு எடுத்திருப்பான். இது தையல் விட்டுடக் கூடாதுன்னு அரை விரல் அகலம் விட்டு, ஸ்கேல் வெச்சு வெட்டியிருக்கு. பொருளடக்கத்துல அந்த ஒரு வரி மேல மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கு. இவ்வளவு பக்குவமா ஒரு புத்தகத்தை நாசம் பண்ண லைப்ரரிக்காரங்களாலதான் முடியும்!"

நூலகர் மறுக்கவில்லை.

"நான்தான் வெட்டினேன்."

பேராசிரியை புத்தகத்தை மேசைமேல் ஓங்கி வைத்தார்.

"நீங்களா? புத்தகத்தைக் காப்பாத்தத்தானே உங்களை இங்க உட்கார வெச்சிருக்கு? எந்தப் பெரிய மனுஷனோட வண்டவாளம் அதுல இருந்துச்சு?"

"பெரிய மனுஷன் யாரும் இல்ல மேடம்."

"அப்புறம் ஏன்?"

நூலகர் செய்தித்தாள் மேசைப் பக்கம் பார்த்தார். அங்கே எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டார்.

"புதுசா வர்ற எதையும் நான் படிக்காம அலமாரியில வைக்கிறதில்ல. இதையும் படிச்சேன். அந்தக் கட்டுரை இங்க வேணாம்னு தோணிச்சு."

"உங்களுக்குத் தோணிச்சா!"

பேராசிரியை பொருளடக்கத்தில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினார். 'மதிலுக்குள் நாற்பது பெண்கள்' என்று வந்தது.

"பாத்தீங்களா! பொம்பளைங்க கதைன்னா உடனே வெட்டு. அவங்களை ஒருதடவை மதிலுக்குள்ள மறைச்சாங்க. இப்ப நீங்க ரெண்டாவது தடவை மறைக்கிறீங்க. நடந்தது வெளிச்சத்துக்கு வந்தே ஆகணும் சார், யாருக்கு வலிச்சாலும் சரி. நான் மேலிடத்துக்கு எழுதப்போறேன். உங்க வேலை தங்காது!"

"எழுதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அழுத்தம்தான் பேராசிரியையை இன்னும் எரிச்சல்படுத்தியது.

அம்மா வந்து கையைப் பிடித்தார்.

"பாவம்டி, இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற மனுஷன். இத்தனை வருஷத்துல யாரையும் முகம் சுளிக்க வெச்சதில்ல. விட்டுடேன்."

"குறுக்க வராதம்மா. உனக்கு எல்லாருமே பாவம்தான்."

மறுநாள் காலை மூன்று பக்கப் புகாரோடு தலைமை நூலகத்துக்குப் போனார். அதிகாரி ஏதோ கூட்டத்தில் இருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பானேன்? வெட்டிய பக்கங்களை நகலெடுத்துப் புகாரோடு இணைத்துவிட்டால் அந்த ஆள் தப்பவே முடியாது. அங்கே இருந்த பிரதியைக் கேட்டு வாங்கி, 211-ஐப் பிரித்தார்.

வயிற்றுப்பாட்டுக்காகச் சில்லறைத் திருட்டில் மாட்டிய பெண்களை அடைத்து வைத்த சிறை. இடித்துவிட்டு அதன்மேல் வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். படிக்கப் படிக்க அவருக்கு ரத்தம் கொதித்தது. இதையா வெட்டினான் பாவி!

215-ஆம் பக்கம் முழுக்க ஒரு புகைப்படம். மூன்று வரிசையாகப் பெண்கள். அடியில் ஒவ்வொருவர் பெயர், கணவர் பெயர், செய்த குற்றம்.

இரண்டாவது வரிசையில் நான்காவதாக நின்றது அம்மா.

இருபத்திரண்டு வயது அம்மா. மோவாயில் அதே மச்சம். பக்கத்தில் அப்பாவின் பெயர். 'கைக்குழந்தைக்காகக் கடையில் பால்பவுடர் டின் திருடியது. இரண்டு வருடம்.'

"உன்னைப் பெரியம்மாகிட்ட விட்டுட்டு, ஹாஸ்டல்ல தங்கி ரெண்டு வருஷம் தையல் படிச்சேன்" என்று அம்மா சொல்வார். வீட்டில் தையல் மெஷின் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஏன் என்று வரலாற்றுப் பேராசிரியை ஒரு நாளும் கேட்டதில்லை.

"நீங்கதானா மேடம் அது? புகாரைக் குடுங்க, உடனே நடவடிக்கை எடுத்துடலாம்." அதிகாரி எதிரே வந்து நின்றார்.

பேராசிரியை புகாரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார்.

"புகார் ஒண்ணும் இல்ல சார்."

அதிகாரி உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து கேட்டார்.

"பென்சில் சீவணும். பிளேடு இருக்குமா?"