லைசென்ஸ் உள்ள ஒரே படகு

படகில் மாட்டுவதற்காகக் கொட்டகையில் எடுத்து வைத்திருந்த பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகி எறிந்துவிட்டு, வாளியில் மொண்டு வந்த ஏரித் தண்ணீரை உள்ளே கவிழ்த்தாள் அவள். பாதி உள்ளே போனது, பாதி காலில் கொட்டியது. இன்னொரு வாளிக்குக் குனிந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்து முறுக்கியது.

"அடிப்பாவி! சோறு போடற இடத்துலயே கை வெக்கிறியா?"

படகுத்துறை முதலாளி. கழுத்து நரம்பு புடைக்க நின்றார்.

"எவன் அனுப்பினான் உன்னை? பக்கத்துத் துறைக்காரனா? புருஷன் எனக்குப் படகு ஓட்டுறான், பொண்டாட்டி எனக்குக் குழி வெட்டுறா. நல்ல குடும்பம்டா சாமி!"

"யாரும் அனுப்பல முதலாளி. இன்னிக்கு இந்தப் படகு கிளம்பக் கூடாது. அவ்வளவுதான்."

"அதைச் சொல்ல நீ யாரு?"

கொட்டகையின் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஸ்பீக்கரில் அலறிய பாட்டையும் மீறிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஆளுக்கொரு மிதவைச் சட்டை மாட்டியிருந்தார்கள். கொக்கி அறுந்ததை எல்லாம் சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார் முதலாளி. பூஞ்சை நாற்றம் இங்கே வரை அடித்தது. ஒரு சின்னப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவள் வாளியைத் தூக்கியிருந்தாள்.

தடுப்பைத் தாண்டி டீச்சரின் தலை எட்டிப் பார்த்தது. "கிளம்பலாமா சார்? அந்தப் பாட்டை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. பிள்ளைங்ககிட்ட பேசறதே கேக்கல."

முறுக்கிய கை விலகாமலே முதலாளியின் முகத்தில் தேன் வழிந்தது. "பாட்டு இருக்கட்டும் மேடம், அது இல்லேன்னா துறையே எழவு வீடு மாதிரி ஆயிடும். டேய், ஸ்பீக்கர்ல யாரும் கை வெக்காதீங்கடா! இதோ கிளம்பிடலாம் மேடம்."

"டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கில்ல? பக்கத்துல விசாரிச்சேன், ஒருத்தருக்கும் இல்லையாம். அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன் மேடம். இந்த ஏரியிலேயே லைசென்ஸ் உள்ள ஒரே ஆளு நம்ம கேப்டன்தான். நீங்க நிம்மதியா ஏறுங்க."

லைசென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் தலையைத் திருப்பிப் படகைப் பார்த்தாள்.

கேப்டன் என்று ஊரே கூப்பிடும் அவள் கணவன் படகில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் தொப்பி, நெஞ்சை நிமிர்த்திய தோரணை. "வணக்கம் குட்டிப் பசங்களா!" என்று கம்பத்தில் தொங்கிய மிச்ச மிதவைச் சட்டைகளைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். பிள்ளைகள் வேடிக்கை என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் நகர்ந்ததும் முதலாளி பல்லைக் கடித்தார். "இப்ப சொல்றியா, போலீஸைக் கூப்பிடவா?"

சொன்னால் இன்றோடு வேலை போகும், வீட்டில் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால்? மூக்கைப் பொத்திய அந்தச் சின்னப் பெண் இப்போது படகில் ஏறும் பலகையில் கால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல முதலாளி."

கை லேசாகத் தளர்ந்தது.

"ரொம்ப நாளா மங்கிக்கிட்டே வந்து, இப்ப வெறும் வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. காலையில பெத்த பொண்ணைப் பாத்து 'யாரும்மா வேணும்'னு கேக்கறாரு."

"பின்ன லைசென்ஸ் எப்படிக் குடுத்தான்?"

"தூ! அது ஒரு லைசென்ஸா?" அவள் தரையில் துப்பினாள். "அந்த ஆபீஸ்ல கண்ணு டெஸ்டுக்கு மாட்டியிருக்கிற எழுத்து அட்டை வருஷக்கணக்கா மாறல. முதல் நாள் நானே போய் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு வந்து, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வெச்சேன். அதிகாரி குச்சியை வெக்கறதுக்குள்ள இவரு கடைசி வரியைச் சொல்லி முடிச்சுட்டாரு. அந்தாளு செல்போனை விட்டு நிமிரவே இல்ல. 'உனக்குப் பருந்துக் கண்ணுய்யா'ன்னு கையெழுத்துப் போட்டான். படகு ஓட்டச் சொல்லிக்கூடப் பாக்கல. த்தூ, அவனும் மனுஷன், நானும் மனுஷி!"

அவள் மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"எத்தனையோ தடவை இவரு காலைப் பிடிச்சுக் கெஞ்சிட்டேன். 'ஏரி எனக்கு உள்ளங்கை மாதிரிடி'ங்கறாரு. நேத்து ஒருத்தன் நீந்திக்கிட்டிருந்தான், மயிரிழையில தப்பிச்சான். இவருக்கு அது தெரியவே தெரியாது. என்னை ஜெயில்ல போடுங்க முதலாளி, அவரை வேலையை விட்டுத் தூக்குங்க. அந்தப் பிள்ளைங்களை மட்டும் இறக்கிடுங்க."

முதலாளி அவள் கையை விட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவளுக்கு அழுகை பொங்கியது. வேலை போனால் போகிறது, மூட்டை தூக்கியாவது பிழைத்துக்கொள்ளலாம். நெஞ்சை அழுத்திய கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

அவர் தண்ணீர் கலந்த டேங்கைக் காலால் ஓரமாகத் தள்ளினார். கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த இன்னொரு டேங்கை இழுத்துத் தோளில் ஏற்றினார்.

"முதலாளி... நான் சொன்னது காதுல விழலையா?"

அவர் திரும்பி வந்தார். கூடப் பிறந்த அண்ணனைப் போல அவள் தலையை மெல்லத் தடவினார். குனிந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாத குரலில் சொன்னார்:

"தெரியும் தங்கச்சி, சீசன் முடியட்டும்."