மஞ்சள் சட்டை

வலைக்கூடாரத்தின் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடக்கிறது. உள்ளே, வலை வழியாகச் சலித்து விழும் வெயிலில், பளீர் மஞ்சள் சட்டையோடு தம்பி தக்காளி நாற்றுகளுக்கு நடுவே செல்ஃபி எடுக்கிறான். முதுகில் மாவு தெளித்ததுபோல் வெள்ளை ஈக்கள். நாற்றுக்காரிக்கு உச்சந்தலை சுர்ரென்கிறது. "மஞ்சளைக் கண்டா ஈ மொய்க்கும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேடா! போன வாரமும் இதே கோலத்துலதானே வந்தே?" கதவோரத் தட்டில் நாலைந்து குருத்துகள் சுருண்டு, ஓரம் வெளுத்து நிற்கின்றன. அவன் அசட்டுச் சிரிப்போடு ஒரு குருத்தைக் கிள்ளி எறிகிறான். "இந்தா, நோய் போச்சு. இதுக்குப் போய் ஏன்க்கா சாமியாடுறே?" "கிள்ளினா போக அது என்ன தூசியா? ஈ வாய் வெச்ச இடத்துலேர்ந்து சாறோட வேருக்கு இறங்கி, குருத்துக்கும் ஏறியாச்சு. அதுக்கப்புறம்தான் சுருளும்." சுருண்டதைப் பிடுங்கிச் சாக்கில் திணிக்கிறாள். அடுத்து அவள் கை பச்சை நாற்றுகளுக்குப் போகிறது. தம்பியின் சிரிப்பு மறைகிறது. "அக்கா, அது நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு விக்கிறதாச்சே!" "அதே ஈதான் இதுலயும் உக்காந்திருக்கு. இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். வாங்கிட்டுப் போறவன் வயல்ல போய்ச் சுருளும்." பல்லைக் கடித்தபடி அவள் தட்டோடு கவிழ்க்கிறாள்.