அதிராத நாற்காலி

“இந்த ஒரு இடத்துல மட்டும் பேஸ் செத்துக் கிடக்கு மாமா. வந்து நின்னு பாருங்க.”

மச்சினன் ஹாலின் நடுவே, தூணுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினான். மேடையின் வலப்பக்கம் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த டிஜே அசையவில்லை. போய்ப் பார்க்கத் தேவையில்லை. அங்கே பேஸ், நெஞ்சை அதிரவைக்கும் அந்தக் கனத்த அடி, வரக் கூடாது என்பதற்காகத்தான் காலையிலிருந்து மெனக்கெட்டிருந்தான்.

மாலையில் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. முந்நூறு பேர் ஆடப்போகிறார்கள். ஹால் மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே தூணருகே நின்று உதட்டைப் பிதுக்கினார். போன தடவையும் இதே புகார்தானாம். அடி நெஞ்சில் விழ வேண்டுமாம், இவன் செட்டில் காதோடு நின்றுவிடுகிறதாம். நாலு மணிக்கு வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் இனி இந்த ஹாலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். டிஜேயின் நிகழ்ச்சிகளில் பாதி இந்த ஹாலில்தான். இது போனால் வேன் வாசலிலேயே நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான்.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. மேடையின் இரண்டு கோடியிலும் பக்கத்துக்கு ஒன்றாக, பேஸை மட்டும் அடிக்கிற இரண்டு சப்ஊஃபர் பெட்டிகள். இரண்டின் அதிர்வும் ஹாலில் எங்கோ ஓரிடத்தில் எதிரும் புதிருமாக மோதி, ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கே பாட்டு கேட்கும், அடி மட்டும் விழாது. இரண்டையும் தரையில், சுவரோரமாக ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் அந்த ஓட்டை அடைபடும். பேஸும் இன்னும் ஏறும். நேற்று தொழிலுக்கு வந்தவனுக்கும் இது தெரியும்.

மற்றவர்கள் அந்த ஓட்டையை ஒழிக்கப் பார்ப்பார்கள். டிஜே அதைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு மடக்கு நாற்காலி போடுவான். மூன்று வருடமாக அப்படித்தான். மனைவிக்காக.

கல்யாணமான ஆறாம் மாதம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். படபடப்பு ஆகாது, அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டில் இரு என்றால் கேட்கிறவள் இல்லை. “நீங்க ஊரையே ஆட வைப்பீங்க, நான் வீட்டுல டிவியோட பேசிட்டு இருக்கணுமா?” என்றாள்.

அன்றிலிருந்து எந்த ஹாலுக்குப் போனாலும் பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி, அதிராத ஓர் இடத்தை அவளுக்கென்று உண்டாக்கினான். விளக்கை அணைத்து ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் முகம் தெரியாது. அவளுடைய நீலப் பையில் ஒரு பளபளப்புப் பட்டை உண்டு. மிக்சரிலிருந்து நிமிரும்போதெல்லாம் அது நாற்காலியில் மின்னுகிறதா என்று பார்ப்பான். மின்னும். நிம்மதியாகக் குனிந்துகொள்வான். திரும்பும்போது வேனில், உள்ளங்கை மரத்துக் கிடக்கிறது, எல்லாம் அந்த மாத்திரை செய்கிற வேலை என்பாள். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்த்துவிடுவான்.

ஏழு மாதம் ஆகிறது. நிகழ்ச்சி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளை எழுப்பப் போனான். எழவில்லை.

நாற்காலி மட்டும் ஹால் ஹாலாக வந்துகொண்டிருந்தது. அதன்மேல் நீலப் பையும்.

மச்சினன் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தான். அக்காவுக்கு இருந்த அதே மூக்கு. டிஜே அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டே நாளாகிறது.

“மணி மூணரை மாமா. பெட்டியை நகத்திடலாம்.”

“நாற்காலி இருக்கட்டும்.”

“நாற்காலியா வந்து ஆடப் போகுது?”

டிஜே கையிலிருந்த கேபிளைச் சுற்றி முடித்தான். பிறகு, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னான்.

“உங்க அக்காவுக்கு நான் பெரிசா ஒண்ணும் செஞ்சுடல. எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்ல. லீவு போட்டுக் கூட இருந்ததில்ல. இது ஒண்ணு செஞ்சேன். என் பெட்டியிலருந்து ஒரு அடிகூட அவ நெஞ்சுல விழல. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அதுதான். அதையும் நகத்தச் சொல்றியா?”

மச்சினன் கையிலிருந்த கரண்ட் டெஸ்டரின் மூடியைத் திருகினான், கழற்றினான், மறுபடி திருகினான். பிறகு இடது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கு,” என்றான்.

“என்னன்னு?”

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு.”

டிஜே கேபிளைக் கீழே வைத்தான்.

“அந்த நாற்காலியில அக்கா ஒரு பாட்டு முழுசா உக்காந்ததில்ல மாமா. பையை மட்டும் வெச்சிட்டு இந்த இடது பெட்டிக்குப் பின்னால வந்துடும். ரெண்டு உள்ளங்கையையும் அதுமேல வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி நிக்கும். உன் மாமா எழுந்தா சொல்லுடான்னு என்னைக் காவலுக்கு நிறுத்திடும்.”

டிஜே மேடையிலிருந்து இறங்கிப் போய், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியை மடக்கினான். இருவருமாக வலது பெட்டியைத் தள்ளிவந்து இடது பெட்டியோடு ஒட்டியதும், டிஜே அந்த இடது பெட்டியின் பின்னால் போய் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்துக்கொண்டு, “பாட்டைப் போடு,” என்றான்.