வெட்டவெளியில் ஓர் இடம்

"வெளியவே நிறுத்திக்கிறேன். கூரையெல்லாம் வேண்டாம்" என்றார் கணவர்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். டி.வி. ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போடுகிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

இடத்துக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு பக்கம் தகரக் கூரை வேய்ந்த நீளமான கொட்டகை. மறுபக்கம் ஜல்லி கொட்டிய வெட்டவெளி. நடுவில் அவர்களுடைய வீட்டு வேன் நின்றது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வண்டி. கோடையில் ஊர் சுற்றிவிட்டு, மழைக்காலம் முழுக்க எங்கேயாவது நிறுத்தி வைத்தாக வேண்டும்.

"மழையில நின்னா மேல இணைப்பு வழியா தண்ணி இறங்கும் சார். உள்ள மரமெல்லாம் ஊறிப் போயிடும். அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொல்லி அவர் கேட்டுட்டாலும்..." என்றாள். "ஏங்க, போன வருஷம் ஒரு சொட்டு ஒழுகினதுக்கு மூணு நாள் சரியா சாப்பிடல நீங்க. இப்ப மட்டும் என்ன?"

"தார்ப்பாய் போட்டுக்கலாம்" என்றவர், இடத்துக்காரரிடம் திரும்பினார். "கொட்டகையில எப்படி நிறுத்துவீங்க?"

"ஒண்ணு பின்னால ஒண்ணா அடைச்சு நிறுத்துவோம் சார். எடுக்கணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடணும். முன்னால நிக்கிற வண்டியெல்லாம் நகர்த்தணுமில்ல?"

"வெளிய நிறுத்தினா?"

"கேட் சாவி ஒண்ணு குடுத்துடுவோம். நினைச்ச நேரம் வந்து எடுத்துட்டுப் போகலாம்."

"அப்ப வெளியவே."

நினைச்ச நேரம். அந்த வார்த்தையை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

போன வாரம் அவர் கடைக்குப் போன சமயம், அலமாரி மேலிருந்த நீலப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு வேனின் மாற்றுச் சாவியை எடுத்தாள். உள்ளே ஏறியதுமே சந்தேகம் தட்டியது. பயணம் முடிந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது அவர் வழக்கம். தொட்டி நிறைந்திருந்தது. மெத்தை விரித்திருந்தது. அதன் மேல் ஒரே ஒரு புதுத் தலையணை, மெல்லியது. அவருக்கோ இரண்டு தடித்த தலையணை இல்லாமல் தூக்கம் வராது. படுக்கைக்கு மேலே புது ஒட்டுப்பலகையில் ஒரு தட்டு வேறு அடித்திருந்தார்.

எல்லாவற்றையும்விட, ஓட்டுநர் இருக்கை. ஆறடி மனிதர் அதை எப்போதும் பின்னால் தள்ளித்தான் வைத்திருப்பார். அன்று அது நன்றாக முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியும் கீழே சாய்ந்திருந்தது. யாரோ ஒரு குள்ளமானவள். கட்டிய மனைவியையே தொடவிடாத ஸ்டியரிங்கை இன்னொருத்தி பிடித்திருக்கிறாள். அந்த இருக்கையில் உட்கார அவளுக்குக் கூசியது; இறங்கிவிட்டாள்.

வீட்டுக்குள் வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அப்படி ஒருத்தி இருந்துவிட்டால் தேவலை என்றுகூட மனதின் ஒரு மூலை சொன்னது. கை நீட்டாத, குரல் உயர்த்தாத, இருபத்தாறு வருடமாக எல்லாவற்றையும் தானே தீர்மானித்த மனிதர்மேல் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு குற்றம் வேண்டாமா?

இப்போது அவள் வேனை நெருங்கிக் கதவு வழியாகப் பார்த்தாள். இங்கே அதை ஓட்டி வந்தவர் அவர்தான். அவள் தன் சின்னக் காரில் பின்னால் வந்தாள். அவர் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இருக்கை மறுபடி முன்னால் வந்திருந்தது.

இடத்துக்காரர் சாவி எடுக்க அறைக்குப் போனார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நடிக்காதீங்க. கூரைக்குக் கீழ விட்டா நினைச்ச நேரம் எடுக்க முடியாது, அதானே? வண்டியில யாரைக் குடி வெக்கப் போறீங்க? யாருக்காக இந்த சீட்டை முன்னால இழுத்து வெச்சீங்க?"

அவர் ஓட்டுநர் பக்கம் போனார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறி உக்காந்து பாரு."

"நான் எதுக்கு?"

"உக்காரும்மா."

அந்த இன்னொருத்தியின் அளவையாவது தெரிந்துகொள்ளலாம் என்றுதான் ஏறினாள். கால் நீட்டினாள். பிரேக் பாதத்துக்கு அடியில் தானாக வந்து நின்றது. நிமிர்ந்தாள். கழுத்தை எக்காமலேயே கண்ணாடியில் பின்பக்கம் முழுவதும் தெரிந்தது: மெத்தை, அவள் கழுத்து வலிக்கு மருத்துவர் சொன்ன அதே மெல்லிய தலையணை, அதற்கு மேல் காலியாக அந்தத் தட்டு.

"அந்தத் தட்டு..." என்றாள்.

"உன் நீலப் பெட்டிய அளந்துதான் செஞ்சேன்." அவர் ஜல்லியைப் பார்த்தபடி சொன்னார். "துணியெல்லாம் அடுக்கி மூணு மாசமா அலமாரி மேல தயாரா வெச்சிருக்கியே. என்னை விட்டுக் கிளம்பினாலும் உங்க அக்கா வீட்டுல எத்தனை நாள் தங்க முடியும்?"

இடத்துக்காரர் சாவியோடு வருவது தெரிந்தது. கணவர் குரலை இன்னும் தணித்தார்.

"ரெண்டு நாள் முன்னாடி சொல்லிட்டா கிளம்பப் போற நீ? அதான் வெளியவே நிக்கட்டும்னேன்."