பத்தாம் எண் வரி

கணக்கு டீச்சர் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் 'லிஸ்ட்' என்று அடித்தாள்.

ஜெசிந்தா எழுதிய, ரேங்க் போடும் புரோகிராம் முழுவதும் திரையில் வந்து நின்றது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். பத்து, இருபது, முப்பது.

ஒரு தப்பாவது இருக்காதா என்று தேடினாள்.

இல்லை. பாவி மகள் ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை.

பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர் அவள். ஒரு வகுப்புக்கு மார்க் கூட்டி ரேங்க் போட ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். இந்தப் பெட்டிக்கு ஒரு நிமிஷம். சுவிட்சைப் போட்டால் போதும், 'பேசிக்' மொழி உள்ளேயே தயாராக உட்கார்ந்திருக்கும். சொல்லத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

சொல்லக் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவை அனுப்பினார்கள். நேற்று வேலைக்கு வந்தவளை.

வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கல்வி அதிகாரியை அழைத்து வர ஜெசிந்தா வாசலுக்குப் போயிருந்தாள். இந்தப் புரோகிராமைக் காட்டத்தான் இத்தனை தடபுடலும்.

பத்தாம் எண் வரியைப் பார்த்தாள். ஓட விட்டதும் முதலில் திரையில் தெரிவது அதுதான்.

எழுதியவர்: ஜெசிந்தா.

ஜெசிந்தாவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்து அவள் கற்றது ஒன்றே ஒன்று. அதே எண்ணைப் போட்டு வேறு வரி அடித்தால், பழையது போய்விடும்.

சும்மா பார்க்கத்தான். எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை.

இருந்ததை இருந்தபடி அடித்தாள். பெயரை மட்டும் தன்னுடையதாக்கினாள்.

பெட்டி ஏன் என்று கேட்கவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம்.

வெளியே செருப்புகளைக் கழற்றும் சத்தம். கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது.

மாற்ற வேண்டும். கீபோர்டில் ஜே எங்கே? இத்தனை எழுத்துகளுக்கு நடுவில் அந்த ஒன்றை மட்டும் காணோம்.

கதவு திறந்தது.

அதிகாரி முன்னால். பின்னால் தலைமையாசிரியை. ஜெசிந்தா நேராக வந்து, குனிந்து, 'ரன்' அடித்தாள்.

திரையின் உச்சியில் கணக்கு டீச்சரின் பெயர். அதன் கீழே முதல் பத்து ரேங்க்.

அதிகாரி பெயரைப் படித்து, தலைமையாசிரியை கைகாட்டிய கணக்கு டீச்சரிடம் திரும்பினார்.

"நீங்களா எழுதினீங்க? பலே டீச்சர்."

பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாத சொல். வாயைத் திறந்தாள்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"ஆமா சார். அடுத்த மாசம் கம்ப்யூட்டர் டிரெயினிங்குக்கு வர்ற டீச்சர்மாருக்கு எங்க டீச்சரே பாடம் எடுக்கட்டும் சார்."

அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். திரையை ஒரு தடவை, காகிதத்தை ஒரு தடவை பார்த்து, அவள் பெயரைத் தப்பில்லாமல் எழுதிக்கொண்டார்.